குறிப்பேட்டில் நிறம்: பிளாக் மவுண்டன் கல்லூரியின் ஆட்சிக்குழு ஆவணங்கள்



ஒரு நிறுவனத்தின் கொள்கை அறிக்கையைப் படித்தால், அது தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரியும். யாரை உள்ளே விட்டது, யாரை வாசலில் நிறுத்தியது என்று தெரிய வேண்டுமானால், அதன் தீர்மானப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். இந்த நினைவுரையில் நாம் எடுத்துக்கொள்வது, அமெரிக்காவின் வட கரோலினாவில் இயங்கிய பிளாக் மவுண்டன் கல்லூரி.

1933இல் ஜான் ஆண்ட்ரூ ரைஸும் அவரது சகாக்களும் தொடங்கிய கல்லூரி அது. கலையைக் கல்வியின் நடுவில் வைத்தது. நாஜி நெருக்கடியில் மூடப்பட்ட பௌஹவுஸ் கலைப்பள்ளியிலிருந்து ஜோசப் ஆல்பர்ஸும் அன்னி ஆல்பர்ஸும் அங்கே ஆசிரியர்களாக வந்தார்கள். வெளியிலிருந்து ஆணையிடும் அறங்காவலர்கள் இல்லை. ஆசிரியர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்குழுவே நிர்வகித்தது. மாணவப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. இருதரப்பும் சேர்ந்து வயலில் உழைத்தார்கள், கட்டடமும் கட்டினார்கள்.

இவ்வளவு ஜனநாயகம் பேசிய இடத்தில், முதல் பத்தாண்டுகளில் ஒரு கறுப்பின மாணவர்கூடச் சேர்க்கப்படவில்லை.

1944இல் இந்தக் கேள்வி கல்லூரியை இரண்டாகப் பிளந்தது. உடனே சேர்க்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. சுற்றுப்புற வெள்ளையர்கள் பகைத்தால் கல்லூரியே நிலைக்காது, இன்னும் காலம் கனியவில்லை என்றது மறுதரப்பு. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்: தயங்கியவர்கள் இனவெறியை நியாயப்படுத்தவில்லை. ஹிட்லரின் ஆட்சியால் நாடிழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் சொன்னது, “கூடாது” அல்ல, “இப்போது வேண்டாம்”. யாருடைய வாழ்க்கை விவாதிக்கப்பட்டதோ, அவர்களில் ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை.

சமரசமாக, அந்தக் கோடைகால இசைப் பயிலரங்கில் ஆல்மா ஸ்டோன் என்ற கறுப்பினப் பெண் சேர்க்கப்பட்டார். பள்ளிகளில் இன ஒதுக்கலைச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954இல். அதற்குப் பத்தாண்டு முந்திய செயல் இது. வென்றதை வெற்றி என்றே சொல்வோம். ஆனால் வாசல் முழுதாகத் திறக்கவில்லை, ஒருக்களித்தது.

1946 கோடையில் ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் அங்கே கற்பித்தார். ரயிலில் கறுப்பினத்தவருக்கான பெட்டிக்கு அவரும் மனைவி க்வென்டலின் நைட்டும் மாற்றப்படாமலிருக்க, ஆல்பர்ஸ் தனிப்பெட்டி ஏற்பாடு செய்தார். கல்லூரிக்குள் ஆசிரியர், வெளியே, பக்கத்து ஆஷ்வில் நகருக்குப் போகாமலே இருந்த மனிதர். அதே 1946இல்தான் அண்ணல் அம்பேத்கர், ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் பிரதிகளைக் கேட்டு டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஒடுக்கப்பட்டவர்கள் ஒருவர் ஆவணத்தை இன்னொருவர் தேடிப் படித்த வரலாறு நமக்கு உண்டு.

கல்லூரி 1957இல் மூடப்பட்டது. அதன் ஆவணங்கள் ஆஷ்வில்லில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவை பிழைத்ததால்தான் “இப்போது வேண்டாம்” என்றவர்களையும் வரலாறு அறிகிறது.

நம் கலைக் கல்லூரிகளின் குறிப்பேடுகள் எங்கே? ஆட்சிக்குழுவில் யார் அமர்ந்தார்கள்? இடஒதுக்கீட்டு இடம் எந்த ஆண்டு, எந்தக் காரணம் சொல்லி காலியாக விடப்பட்டது? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. மாணவத் தோழர்களே, அரசுக் கலைக் கல்லூரிகளில் கேட்கத் தொடங்குங்கள். நம் அமைப்புகளின் தீர்மானப் புத்தகங்களையும் பத்திரப்படுத்துங்கள். நாளை நம்மிடமும் இதே கேள்வி வரும்.

ஜெய் பீம்.