சிங்கனின் கேள்வி, மாதுவின் பதில்: கிரேசி மோகனைத் தென்காசியிலிருந்து பார்த்தல்

2019 ஜூன் 10ஆம் தேதி கிரேசி மோகன் இறந்துபோனார். வயது 66. அதே நாளில் கிரீஷ் கர்நாடும் இறந்தார். சிறுபத்திரிகைக்காரர்களான நாம் கர்நாடுக்கு இரங்கல் எழுதினோம். மோகனுக்கு எழுதவில்லை. அன்று சாயங்காலம் குற்றாலத்துக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். டிவியில் அவருடைய காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீ ஆற்றுகிறவர், பார்சல் வாங்க வந்தவர், ஆட்டோக்காரர் என்று எல்லோரும் சிரித்தார்கள். இவர்களில் ஒருவர்கூட மயிலாப்பூர் சபாவில் கால் வைத்திருக்க மாட்டார்கள். பின்னே எதற்குச் சிரித்தார்கள்? இந்தக் கேள்வியை நாம் இதுவரை ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. பஞ்சாயத்து டிவி காலம். செவ்வாய்க்கிழமை ராத்திரி தூரதர்ஷனில் நாடகம். திரைக்குள்ளே சபா ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. தரையில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருத்தி கேட்டாள்: "ஏய்யா, அவிய என்னத்துக்குச் சிரிக்காவ?" எங்களில் யாருக்கும் விளக்கத் தெரியவில்லை. ஆனாலும் நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

மோகனின் கதை தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1952இல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தார். 1972இல் கல்லூரிப் போட்டிக்காக எழுதிய 'கிரேட் பேங்க் ராபரி'க்குப் பரிசு கொடுத்தவர் கமல்ஹாசன். பிறகு சுந்தரம் கிளேட்டனில் வேலை. எஸ்.வி. சேகரின் நாடகப்ரியாவுக்காக 1976இல் எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' பெயருக்கு முன்னால் 'கிரேசி'யைச் சேர்த்தது. 1979இல் சொந்தக் குழுவான கிரேசி கிரியேஷன்ஸ். 'மேரேஜ் மேட் இன் சலூன்' 1983இல் பாலசந்தர் கையில் 'பொய்க்கால் குதிரை' ஆயிற்று. 'அபூர்வ சகோதரர்கள்' (1989) தொடங்கி கமலோடு நீண்ட கூட்டு. டிவிக்கு 'விடாது சிரிப்பு' போன்ற தொடர்களை எழுதி நடித்தார். கருப்பசாமியை வைத்து 'விடாது கருப்பு' என்று ஒரு தொடர் ஜனங்களைப் பயமுறுத்தியிருந்தது. அந்தத் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றியதும் பயம் சிரிப்பாகிவிட்டது. மோகனின் மொத்தத் தொழிலும் இந்த ஒரு சொல் மாற்றத்துக்குள் அடங்கும்.

அவருடைய உரையாடலின் இயக்கம் எளிமையானது. ஒருத்தர் கேட்பார், இன்னொருத்தர் அந்தக் கேள்வியிலுள்ள ஒரு சொல்லை வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொள்வார். அதைத் திருத்தப் போனால் அதிலிருந்து இன்னொரு சொல் வழுக்கும். மாதுவும் சீனுவும் பேசத் தொடங்கினால் கதை நின்றுவிடும், மொழி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு வுட்ஹவுஸை மூலமாகக் காட்டுவார்கள். வுட்ஹவுஸ்மீது மோகனுக்குப் பிரியம் உண்டுதான். ஆனால் அவர் வெண்பா எழுதிக்கொண்டேயிருந்த ஆள் என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. சிலேடை அவருக்கு இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய அவசியமில்லை.

அதைவிட, இந்த வடிவம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதே இல்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய குற்றாலக் குறவஞ்சியில் சிங்கனும் சிங்கியும் பேசுகிற இடத்தைப் பாருங்கள். ஊரெல்லாம் குறி சொல்லிவிட்டு நகையோடு திரும்பி வந்திருக்கிறாள் சிங்கி. நகையைக் கண்டிராத சிங்கன் அவள் காலில் விரியன் பாம்பு கிடக்கிறதே என்று பதறுகிறான். அது சேலத்தில் குறி சொல்லி வாங்கிய சிலம்பு என்கிறாள் அவள். ஒவ்வொரு நகைக்கும் இப்படி ஒரு கேள்வி, ஒரு பதில். வில்லுப்பாட்டிலும் புலவருக்குக் குடக்காரர் ஆமாம் போட்டுக்கொண்டே நடுவில் குறுக்குக் கேள்வி கேட்பார். அந்த வில்லிலிருந்து வந்தவர்தான் என்.எஸ். கிருஷ்ணன். அவரோடு சேர்ந்து நகைச்சுவை எழுதிய நெல்லைச் சீமைக்காரர் சுப்பு ஆறுமுகம் வில்லை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். 2022இல் காலமானார். ஆக, டீக்கடையில் சிரித்தவர்களின் காதுக்கு மோகனின் தாளம் பழகியதுதான்.

வடிவம் பொது, சரி. வீடு யாருடையது? மோகனின் உலகம் ஹவுஸ் ஓனர், ஆபீஸ் மேனேஜர், மாமனார், பெண் பார்த்தல் என்ற எல்லைக்குள் சுற்றுவது. பட்டினியோ, கூலியோ, சாதியின் பெயரோ அங்கே வராது. இதைத்தான் 'ஆபாசமில்லாத நகைச்சுவை' என்று கொண்டாடினார்கள். ஆபாசத்தோடு சேர்த்து வேறு எதையெல்லாம் வெளியே நிறுத்தினார்கள் என்பது கேட்கப்படவில்லை. சபா மொழி இயல்பான மொழியாக, யாருடையதும் அல்லாத மொழியாக உட்கார்ந்துகொள்கிறது. மற்றப் பேச்சுகள் அங்கே விருந்தாளியாகத்தான் வரும். 'சதிலீலாவதி'யில் (1995) கோவைத் தமிழ், 'தெனாலி'யில் (2000) ஈழத்தமிழ். போர் கண்ட மண்ணிலிருந்து வந்தவனின் அச்சம் 'தெனாலி'யில் சிரிப்புப் பட்டியலாக நீள்கிறது. இதில் கமலுக்கும் இயக்குநருக்கும் பங்குண்டு என்றாலும் வசனம் மோகனுடையது.

ஆனால் இதோடு தீர்ப்பு எழுதி முடித்துவிட முடியாதபடி ஒரு பாத்திரம் நடுவில் வந்து நிற்கிறது. 'அவ்வை சண்முகி' (1996). ஐயர் வீட்டுச் சமையல் வேலைக்குப் பாட்ஷா என்கிற முஸ்லிம் ஐயர் வேஷத்தில் போகிறார். வாயைத் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஊமையாக நடிக்கிறார். நாசர் செய்த வேஷம். ஒரு வீட்டுக்குள் பிழைக்க வேண்டுமென்றால் நாக்கை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்பதை இதைவிட அப்பட்டமாகச் சொன்ன தமிழ் நகைச்சுவை எனக்குத் தெரிந்து இல்லை. தெரிந்து எழுதினாரா, தெரியாமல் வந்து விழுந்ததா என்பது முக்கியமில்லை. பிரதி சொல்லிவிட்டது. சொற்களாலேயே பிழைத்த ஒரு எழுத்தாளனின் பிரதியில் சொல்லே இல்லாமல் நிற்கிறவன்தான் அந்த வீட்டின் ரகசியத்தை வைத்திருக்கிறான். பஞ்சாயத்து டிவி முன்னால் எங்கள் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். 1993இல் சன் டிவி வந்தது. பிறகு விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு' மாதிரி நிகழ்ச்சிகள் வந்தன. ஊர்ப்புறத்துப் பையன்கள் மைக்கைப் பிடித்தார்கள். நெல்லைப் பேச்சும் மதுரைப் பேச்சும் கூச்சமில்லாமல் மேடையேறின. சபாவின் ஏகபோகம் உடைந்தது என்று நாமும் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷம் நியாயமானது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்த மேடையில் எதை வைத்துச் சிரிக்க வைத்தார்கள்? கறுப்பு நிறம், குண்டு உடம்பு, மனைவியின் முகம், சேலை கட்டிய ஆண், திருநங்கையின் நடை. நாக்கு மாறியது, சிரிப்பு போகிற திசை மாறவில்லை. மோகனின் மாது அசட்டுத்தனத்தால் தானே மாட்டிக்கொள்வான், அடி அவனுக்குத்தான் விழும். புதிய மேடையில் அடி கீழே இருக்கிறவர்களுக்கு விழுகிறது. நம் மொழி வந்துவிட்டது என்பதாலேயே நாம் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டோம்.

குறவஞ்சியிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. சிங்கனைப் பார்த்துச் சிரித்தவர்கள் கோயிலைச் சார்ந்த, நிலம் வைத்திருந்த சபைதான். அந்த நூலுக்குப் பரிசாகக் கிடைத்த 'குறவஞ்சி மேடு' என்கிற நிலம் கவிராயருக்குப் போயிற்று, எந்தக் குறவருக்கும் போகவில்லை. ஆனாலும் அந்தப் பிரதிக்குள் சிங்கிக்குப் பதில் சொல்ல வாய் இருக்கிறது. ஒவ்வொரு நகைக்கும் எந்த ஊரில், என்ன வேலை செய்து சம்பாதித்தேன் என்று அவள் கணக்குச் சொல்கிறாள். சிரிப்புக்கு நடுவே உழைப்பின் வரைபடம் ஒன்று விரிகிறது.

ஒரு நகைச்சுவையை மதிப்பிட எனக்கு இப்போது இந்த ஒரு அளவுகோல் போதும் என்று படுகிறது: சிரிக்கப்படுகிறவருக்கு அங்கே பதில் சொல்ல வாய் இருக்கிறதா? மோகனிடம் அந்த வாய் அவர் வீட்டு ஆட்களுக்குத் தாராளமாக இருந்தது, வேலைக்கு வந்தவன் ஊமையாக இருந்தான். அவருக்குப் பின்னால் வந்த நம்மவர்களிடம் மைக் இருந்தது, எதிரே இருந்தவருக்கு வாய் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கத் துணிந்தால்தான் மோகனைப் பற்றி நாம் எழுதத் தொடங்க முடியும்.

ஆச்சி இப்போது இல்லை. அவள் கேட்டது தெரியாமையால் வந்த கேள்வி என்று அன்றைக்கு நினைத்தோம். சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து 'என்னத்துக்குச் சிரிக்காவ' என்று கேட்க அவள் ஒருத்திக்குத்தான் தைரியம் இருந்திருக்கிறது.