ஆஸ்பெஸ்டாஸ் முதல் ஈயப் பூச்சு வரை: பழைய வீடு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: பழைய வீடு வாங்குவோர் பத்திரம், சுவர் விரிசல், நீர்க்கசிவு ஆகியவற்றைத் தவறாமல் சரிபார்க்கின்றனர். ஆனால் கூரையிலும் வண்ணப்பூச்சிலும் மறைந்திருக்கும் ஆபத்துகள் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது என்ன?

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ், நார் வடிவிலான கனிமமாகும். சிமென்டுடன் கலக்கப்பட்டு, கூரை ஷீட்டுகளாகவும் குழாய்களாகவும் பயன்படுகிறது. இதன் அனைத்து வகைகளும் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார அமைப்பு தெரிவிக்கிறது. நுண்ணிய இழைகளைச் சுவாசிப்பதால் ஏற்படும் நுரையீரல் பாதிப்புகள், பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றன.

ஆபத்து எப்போது?

சேதமடையாத ஷீட்டில் இழைகள் சிமென்டுடன் பிணைந்திருப்பதால் ஆபத்து குறைவு. துளையிடும்போதும், அறுக்கும்போதும், உடைக்கும்போதும் அவை காற்றில் கலக்கின்றன. நாள்பட்டு அரித்துப்போன ஷீட்டிலிருந்தும் இழைகள் வெளியேறலாம். ஒரு ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் உள்ளதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய இயலாது. ஆய்வகப் பரிசோதனை அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களுக்குப் புதிய குத்தகை வழங்குவது 1986-ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. எனினும், வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதி தொடர்கிறது. தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேடுகளைப் பராமரிக்க 1995-ஆம் ஆண்டு உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், முழுத் தடை கோரிய மனுவை 2011-ஆம் ஆண்டு தள்ளுபடி செய்தது.

1999-ஆம் ஆண்டு தடை விதித்த பிரிட்டனில், 2000-ஆம் ஆண்டுக்கு முந்தைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. இந்தியாவில் அத்தகைய எல்லைக்கோடு இல்லை. எனவே, புதிய வீடு என்பதே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

ஈயமும் கார்பன் மோனாக்சைடும்

வீட்டு உபயோக வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய பூச்சுகளைத் தேய்க்கும்போது எழும் தூசு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு கீசர் இருந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கலாம்.

செய்ய வேண்டியவை

* கூரை, குழாய் எந்தப் பொருளால் ஆனவை என்பதை விற்பனையாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டறிய வேண்டும்.
* சந்தேகத்துக்குரிய ஷீட்டை நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்ற வேண்டும். இப்பணியைப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைப்பதே நல்லது.
* அதன் தூசைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துணி முகக்கவசம் இந்த இழைகளைத் தடுக்காது.
* பழைய வண்ணப்பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது.
* எரிவாயு கீசரின் புகை வெளியேற வழி உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.