பெரியவர் கேட்ட கேள்வி

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் பனையோலையில் பெட்டி முடையச் சொல்லிக்கொடுத்து வந்தேன். சம்பளமில்லாத வேலை, ஆசைக்குச் செய்தது. ஒருநாள் பேத்தியைக் கூட்டிப்போக வந்த பெரியவர் என்னை நிறுத்தினார். எண்பது வயதிருக்கும். "எங்கய்யா பனையேறி, நானும் பனையேறி. புள்ளைய படிக்க அனுப்புனா நீங்க மறுபடி ஓலையக் கையில குடுக்கீங்களே தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

பள்ளியில் கைத்தொழில் என்பது காந்தியின் கனவு. 1937 அக்டோபரில் வார்தாவில் மாநாடு கூடியது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அந்த டிசம்பரிலேயே அறிக்கை தந்தது. குழுவில் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இருந்தார், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆரியநாயகமும் இருந்தார். ஏழு வயது முதல் பதினான்கு வரை இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் பாடம். தினம் ஐந்தரை மணி நேரத்தில் 3 மணி 20 நிமிடம் தொழிலுக்கு. நூற்பதன் வழியாகவே கணக்கும் அறிவியலும் வரவேண்டும் என்பது கொள்கை. முக்கியமாக, தக்ளி எல்லாப் பிள்ளைகள் கைக்கும் போகவேண்டும், அப்பன் யாராயிருந்தாலும்.

1953இல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தது வேறு. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு மூன்று மணி நேரம். ஒரே கட்டடத்தில் இரண்டு வேளை நடத்தினால் இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாம், செலவு கூடாது. மீதி நேரம் பெற்றோரிடமோ ஊர்க் கைவினைஞரிடமோ தொழில் பழகலாம். அப்பன் தொழிலைத்தான் பழகணும்னு கட்டாயமில்லை என்றார்கள் ஆதரவாளர்கள். ஆனால் கிராமத்தில் ஒரு பிள்ளை பழகுவதற்குக் கைக்கெட்டுவது எது? நகரத்துப் பிள்ளைக்கு இந்தத் திட்டமே கிடையாது. பெரியாரும் தி.மு.க.வும் இதைக் 'குலக்கல்வி' என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

1953 ஜூலையில் திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானத்துக்குச் சட்டமன்றத்தில் ஆதரவு 138, எதிர்ப்பு 138. சபாநாயகர் வாக்களிக்க மறுத்தார், திட்டம் தப்பியது. நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் நிறைவேறியது. குழு திட்டத்துக்குச் சாதகமாகவே சொன்னது. மக்கள் ஏற்கவில்லை. ராஜாஜி விலகினார். 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், அடுத்த மாதமே திட்டம் போனது.

இரண்டிலும் கைத்தொழில்தான். வார்தாவில் தொழில் வகுப்பறைக்குள் வந்து பாடமானது. இங்கே பாடத்தைக் குறைத்து, பிள்ளையை வெளியே தொழிலுக்கு அனுப்பினார்கள். நான் செய்துகொண்டிருந்தது எது? அழகான பெட்டி செய்யவைத்து, கைதட்டி அனுப்பினேன். அது படிப்பா, பழக்கமா?

அடுத்த வாரம் வகுப்பை மாற்றினேன். எத்தனை ஓலைக்கு எத்தனை கட்டம், அகலத்தைப் பாதியாக்கினால் எத்தனை ஓலை கூடும், நனைத்த ஓலை ஏன் வளைகிறது என்று பிள்ளைகளையே எண்ணவும் சொல்லவும் வைத்தேன். ஆசிரியர்களின் பிள்ளைகளையும் உட்காரச் சொன்னேன்.

பெரியவர் மறுபடி வந்தார். பேத்தி நோட்டைக் காட்டினாள். வெகுநேரம் புரட்டிவிட்டுச் சொன்னார்: "கணக்கு வந்தா சரி தம்பி. தொழில் வர வேண்டாம்."