சதுரங்க ஆட்டத் தொகுப்புகளின் வரலாறு

ஆட்டம் முடிந்ததும் காய்கள் பெட்டிக்குள் சென்றுவிடுகின்றன. பலகையில் எஞ்சுவது ஒன்றுமில்லை. எழுதிவைத்த குறிப்பு ஒன்றே அவ்வாட்டத்தைப் பின்வருவோர்க்குக் காட்டவல்லது. ஆதலின் சதுரங்கத்தின் வரலாறு, பெரும்பாலும் அக்குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டோரின் வரலாறே எனலாம். இன்று அப்பணிக்குக் கணினி மென்பொருள்கள் வந்துள்ளன. அவற்றால் தொகுப்பாசிரியரின் பழைய பொறுப்பு நீங்கிற்றா என்பது ஆராயத்தக்கது.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியராகிய ஜோவாக்கினோ கிரெக்கோ, தம்மை ஆதரித்த செல்வர்களுக்கென ஆட்டங்களைக் கையால் எழுதித் தொகுத்து வழங்கினார். அவை 1656இல் லண்டனில் நூலாக அச்சேறின. ஆயினும் அவ்வாட்டங்களை ஆடியவர் யாவர், எங்கு, எப்பொழுது ஆடினர் என்னும் விவரம் அவற்றில் இல்லை. 1851இல் லண்டனில் முதல் அனைத்துலகப் போட்டி நடைபெற்றது. அதில் முன்னின்ற ஹோவர்ட் ஸ்டான்டன், அதன் ஆட்டங்களை 1852இல் நூலாக வெளியிட்டார். ஆடியவர் பெயரும் முடிவும் குறிக்கப்பட்டமையால் அந்நூல் வரலாற்றுச் சான்றாகவும் நின்றது.

அடுத்த நூற்றாண்டில் மொழி வேறுபாடு பெருந்தடையாயிற்று. 1966இல் பெல்கிரேட் நகரில் அலெக்சாந்தர் மத்தனோவிச் தொடங்கிய 'செஸ் இன்பர்மேன்ட்' என்னும் வெளியீடு, விளக்கங்களைச் சொற்களால் எழுதாது பொதுக் குறிகளால் எழுதிற்று. எம்மொழியினரும் அதனைப் படிக்க இயன்றது. ஆட்டத் தொடக்கங்களை 500 பிரிவுகளாக வகுத்து எண்ணிடும் முறையும் அந்நகரிலிருந்தே பரவியது. நூலகத்தில் நூல்களுக்குப் பகுப்பெண் எவ்வாறோ, அவ்வாறே ஆட்டங்களுக்கு இது பயன்பட்டது.

1980களில் ஜெர்மானியராகிய மத்தியாஸ் வூலன்வெபர், 'செஸ்பேஸ்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். அதன் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியது ஒரு நிகழ்ச்சி. 1985இல் ஹாம்பர்க் நகரில் எண்மரை ஒரே வேளையில் எதிர்த்தாடிய உலக வீரர் காஸ்பரோவ், 3½–4½ என்னும் கணக்கில் தோற்றார். 1987இல் அம்மென்பொருளின் துணையால் எதிரிகளின் பழைய ஆட்டங்களை ஆராய்ந்து வந்து, அதே நகரில் 7–1 என வென்றார். பல நாள் தேடலைச் சில நொடிகளில் முடிப்பது அதன் சிறப்பு.

எனினும், ஒரு மென்பொருளில் எழுதியதை மற்றொன்று படிக்க இயலாத நிலை இருந்தது. இதனை நீக்க, ஸ்டீவன் எட்வர்ட்ஸ் என்பார் 1993ஆம் ஆண்டளவில் 'பி.ஜி.என்.' என்னும் பொது எழுத்துமுறையை வகுத்தார். போட்டி, இடம், நாள், சுற்று, வெள்ளையர், கறுப்பர், முடிவு என ஏழு குறிப்புகள் ஒவ்வோர் ஆட்டத்தின் தலையிலும் இருத்தல் வேண்டும். அறியாததற்குக் கேள்விக்குறி இடுக என்பதும் அம்முறையின் விதி. ஊகித்து எழுதுவதினும் அறியோம் எனக் காட்டுவது மேல் என்னும் ஆய்வு நெறி அவ்விதியில் அடங்கியுள்ளது.

1994 முதல் இங்கிலாந்தின் மார்க் கிரௌதர் வாரந்தோறும் புதிய ஆட்டங்களைத் திரட்டி இணையத்தில் வெளியிடலானார். தொகுப்புகள் பெருகவே குறைகளும் பெருகின. ரஷ்ய வீரர் கோர்ச்னோயின் பெயரை ஆங்கிலத்தார் ஒருவாறும் ஜெர்மானியர் வேறாகவும் எழுதுவர். கணினிக்கு அவர் இருவர் ஆவார். ஒரே ஆட்டம் இருமுறை சேர்வதும் உண்டு. பெயர்களை ஒருமைப்படுத்தவும் இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கவும் 'ஸ்கிட்' போன்ற இலவச மென்பொருள்களிலேயே வசதி உள்ளது. ஆயின் எது சரி எனத் தீர்ப்பது தொகுப்பவரின் கடமை.

1920இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆடப்பெற்றதாகக் கூறப்படும் ஆடம்ஸ்–டோரே ஆட்டம் இதற்குத் தக்க சான்று. வெள்ளை ராணியை மீண்டும் மீண்டும் பலியாக நீட்டும் அழகால் அது புகழ்பெற்றது. வென்றவர் ஆடம்ஸ், தோற்றவர் அவருடைய மாணவராகிய மெக்சிகோ நாட்டு டோரே. அவ்வாட்டம் உண்மையில் ஆடப்பெற்றதா, ஆசிரியரின் புகழுக்காக மாணவர் தாமே அமைத்ததா என ஆய்வாளர் ஐயுறுகின்றனர். கணினித் தொகுப்பிலோ பெயர், ஊர், ஆண்டு, முடிவு யாவும் ஐயமின்றி நிற்கும். அதனைப் படியெடுத்து வெளியிடுவோர், ஆட்டக் குறிப்பினிடையே விளக்கம் எழுத உள்ள இடத்தில் அவ்வையத்தைப் பதியாவிடின், கதை வரலாறாகிவிடும்.

கிரெக்கோவின் ஏட்டில் விவரம் இல்லாமை குறை. இன்றைய தொகுப்பில் சான்றில்லா விவரம் நிறைந்திருப்பது அதனினும் பெருங்குறை. தேடும் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது. தெளியும் வேலை மனிதனிடமே இருக்கிறது. உரிய இடத்தில் ஒரு கேள்விக்குறி இடத் துணிபவரே நல்ல தொகுப்பாசிரியர் ஆவார்.