டெஸ்மாவும் காலிப் பணியிடங்களும்: தமிழக அரசு ஊழியர் போராட்டம், 2001–2019

2003 ஜூலை 2 அன்று தொடங்கிய தமிழக அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் டெஸ்மா என்ற தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தோடும் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் அரசாணைகளையும் சேர்த்துப் படித்தால் இன்னொரு வரலாறு தெரியவருகிறது. ஊழியர்களின் பணப்பலன்களும் அரசுத் துறைகளின் ஆள்பலமும் ஒரே காலத்தில் வெட்டப்பட்டன. சங்கங்கள் முதலாவதற்காக உரக்கக் குரல் கொடுத்தன. இரண்டாவதை மக்களிடம் கொண்டுசெல்லத் தாமதித்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு அவசரச் சட்டம் பிறந்தது. அரசு ஊழியர்கள் ஆர்ப்பாட்டமே நடத்தக் கூடாது என்ற முழுத் தடை செல்லாது என்று 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் கூறிய உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தத்தை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்ய அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு தரும் விதிவிலக்கை 1985இல் துளசிராம் பட்டேல் வழக்கு உறுதிசெய்தது. 2003இல் தமிழக அரசு கையில் எடுத்த ஆயுதத்துக்கு முன்னோடிகள் ஏற்கெனவே இருந்தன.

2001இல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அரசு, அந்த ஆகஸ்டில் மாநில நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டது. நவம்பர் 29 அன்று வந்த அரசாணை 212, காலிப் பணியிடங்களை நிரப்பத் தடை விதித்தது. ஓய்வு பெறுபவரின் நாற்காலி அப்படியே காலியாகக் கிடக்கும். அவர் பார்த்த கோப்புகள் பக்கத்து மேசைக்குப் போகும். அலுவலகத்துக்கு வருபவர் கண்ணில் படுவதோ தாமதம் மட்டுமே. அந்தத் தாமதத்துக்கான பழியைச் சுமந்தவர் மிஞ்சியிருந்த எழுத்தர்.

சாலைப் பணியாளர்களின் கதை இதைவிடக் கொடியது. 1997இல் நெடுஞ்சாலைத் துறையில் சேர்க்கப்பட்ட சுமார் 10,000 பேர் 2002 செப்டம்பரில் ஒட்டுமொத்தமாக வேலையிழந்தார்கள். பள்ளம் அடைப்பதும், சாலையோரப் புதர் வெட்டுவதும், மழைநீர் வடிய வழி செய்வதும் அவர்களின் அன்றாட வேலை. அவர்கள் மீண்டும் பணிக்கு வந்தது 2006 பிப்ரவரியில். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாக ஏற்க வேண்டும் என்ற கோரிக்கை, மறுநியமனத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. சாலைப் பணியாளர் சங்கம் காட்டிய விடாப்பிடி தமிழகத் தொழிற்சங்க வரலாற்றில் இன்னும் பெரிய இடத்துக்கு உரியது.

2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்வோருக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்றானது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களின் ஓய்வுக்காலப் பலன்களிலும் கை வைக்கப்பட்டது. இதன்பின்தான் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டு அமைப்பான ஜாக்டோ-ஜியோ உள்ளிட்ட கூட்டமைப்புகள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கின. தலைவர்கள் கைதானார்கள். ஜூலை 4இல் டெஸ்மாவைக் கடுமையாக்கும் அவசரச் சட்டம் வந்தது. சுமார் 1,70,000 பேர் விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். மன்னிப்புக் கடிதமும், நடத்தை விதிகளின் 22ஆவது விதியை மதிப்பதாக உறுதிமொழியும் தந்த பிறகே பெரும்பாலோர் பணிக்குத் திரும்ப முடிந்தது.

இந்தப் பணிநீக்கங்களை எதிர்த்த டி.கே.ரங்கராஜன் வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எம்.பி.ஷா, ஏ.ஆர்.லட்சுமணன் அமர்வு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று தீர்ப்பளித்தது. மாநிலத்தில் சுமார் 12 லட்சம் ஊழியர்கள் இருப்பதாகவும், நேரடி வரி வருவாயில் ஏறத்தாழ 90 சதவீதம் சம்பளத்துக்கே போவதாகவும் அரசுத் தரப்பு எடுத்துவைத்த வாதம் அத்தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. அரசுப் பணி நின்றால் நாடு தாங்காது என்று வாதிட்ட அதே அரசுதான், அந்தப் பணிக்கு ஆள் எடுப்பதையும் நிறுத்தியிருந்தது. இந்த முரணை ஊர் ஊராகச் சொல்லச் சங்கங்களிடம் ஆதாரம் இருந்தது. ஆனால் பொதுமக்கள் காதில் விழுந்தது பென்ஷனும், விடுப்பைச் சரண்டர் செய்து பெறும் பணமும்தான். அந்த ஜூலையில் ஊழியர்கள் தனித்து நின்றதற்கு அடக்குமுறையோடு இதுவும் காரணம் என்று கருதுகிறேன்.

2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் ஆளுங்கட்சியான அ.தி.மு.க. ஒரு தொகுதியிலும் வெல்லவில்லை. அந்த மே மாதமே போராட்டக்காரர்கள் மீதான நடவடிக்கைகள் கைவிடப்பட்டன. நியமனத் தடை நீங்க 2006 பிப்ரவரி ஆனது. தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட ஆசிரியர்கள் அவ்வாண்டு ஜூன் 1 முதல் காலமுறை ஊதியம் பெற்றார்கள். பங்களிப்பு ஓய்வூதியம் மட்டும் ஆட்சி மாறியும் அசையவில்லை.

2019 ஜனவரி 22 அன்று ஜாக்டோ-ஜியோ மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியபோது கோரிக்கைப் பட்டியல் வேறு மாதிரி இருந்தது. பழைய ஓய்வூதியம் முதலிடத்தில் இருந்தாலும், பணியிடங்களைச் சீரமைப்பதாகச் சொல்லிக் குறைக்க வழிசெய்யும் அரசாணை 56ஐ ரத்துசெய்ய வேண்டும், சுமார் 3,500 பள்ளிகளை இணைக்கும் திட்டத்தைக் கைவிட வேண்டும், சத்துணவு, அங்கன்வாடி ஊழியருக்குக் காலமுறை ஊதியம் வேண்டும் என்பனவும் அதில் இடம்பெற்றன. பள்ளி இணைப்பு என்பது ஆசிரியரின் வேலைப் பிரச்சினை. பக்கத்து ஊர் வரை நடக்க வேண்டிய ஆறு வயதுக் குழந்தையின் பிரச்சினையும் அதுவே. அரசு வழக்கம்போலச் சம்பளச் செலவுக் கணக்கை மக்கள் முன் வைத்தது. போராடிய ஆசிரியர்கள் கைதும் பணியிடை நீக்கமும் கண்டார்கள். முதன்மைக் கோரிக்கைகள் நிறைவேறாத நிலையில், தேர்வு நெருங்கும் மாணவர் நலன் கருதி ஜனவரி 30 அன்று போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது.