வட்டுக்கோட்டைக்கு எத்தனை புள்ளி?

வெள்ளவத்தையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் நன்றாகப் படிப்பிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரும், அதுவும் கேள்வியாகத்தான் வரும். "போன முறை எத்தனை பேருக்கு ஒன்பது ஏ?" "மெடிசினுக்கு எத்தனை பேர் எடுபட்டவை?" கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். லாப்பில் பிள்ளைகள் எதையாவது கையால் தொட்டார்களா, ரீச்சரிடம் "ஏன்" என்று கேட்கலாமா, ஆறாம் வகுப்பில் இருந்த ஆர்வம் பத்தாம் வகுப்பிலும் மிச்சமிருக்கிறதா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அதை எதை வைத்து அளப்பது?

நான் ஏஎல்லில் கலைப்பிரிவு, இப்போது கம்பஸில் வரலாறு. விஞ்ஞானப் பாடத்திட்டத்துக்குப் புள்ளி போட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஏற்கனவே புள்ளி போடப்பட்ட ஒரு பள்ளிக்கூடம் எங்கட வரலாற்றில் இருக்கிறது. அதை அளந்தவர்களும் ஒருவர் இருவர் இல்லை. ஒருவர் அதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குச் சமம் என்றார். சில வருஷங்களில் வந்த இன்னொருவர் அதை மூட வைத்தார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே பள்ளிக்கூடத்தை.

வட்டுக்கோட்டைச் செமினரியைத்தான் சொல்கிறேன். 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன், 1823 இல் அதைத் தொடங்கியது. முதல் அதிபர் டானியல் பூவர். யூக்ளிட்டின் கேத்திரகணிதம், அல்ஜீப்ரா, திரிகோணகணிதம், இயற்கைத் தத்துவம் என்று அப்போது அழைக்கப்பட்ட பௌதிகம், எல்லாவற்றுக்கும் மேலாக வானியல். உயர்வகுப்புப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பக்கத்தில் ஓடின. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருத்தன் காலையில் நன்னூலும் பின்னேரம் கிரகங்களின் பாதையும் படித்திருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஒரு மதப்பிரசார அமைப்புக்கு ஏன் வானியலில் இவ்வளவு அக்கறை? பூவரின் கணக்கு நேரடியானது. ஊரில் நல்லநாள், விரதம், கலியாணம், விதைப்பு எல்லாம் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான். பஞ்சாங்கத்தை எழுதுவது பரம்பரையாக வந்த சில குடும்பங்கள். புராணத்தில் சொன்ன பூமியும் சூரியனும் அப்படி இல்லை என்று காட்டிவிட்டால், பஞ்சாங்கத்தின் மேலுள்ள நம்பிக்கை ஆடும், அதோடு சமயமும் ஆடும் என்று அவர் நினைத்தார். அதாவது இந்த விஞ்ஞானப் பாடம் முதல் நாளிலிருந்தே வேறொரு வேலைக்காக வைக்கப்பட்டது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், 1855 இல் திரும்ப வரும்.

அந்த விஞ்ஞானத்துக்கு நடந்த முதல் பரீட்சை திறந்தவெளியில் நடந்தது. 1829 மார்ச் 20 ஆம் திகதி சந்திரகிரகணம். வட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஊரான அராலியில் விசுவநாத சாஸ்திரியார் என்ற பெயர்பெற்ற பஞ்சாங்கக்காரர் இருந்தார். கிரகணம் எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் நிற்கும், சந்திரனில் எவ்வளவு மறைபடும் என்று அவருடைய பஞ்சாங்கம் சொல்லியிருந்தது. பூவர் தன் அட்டவணைகளை வைத்துக் கணித்துப் பார்த்தார். மூன்றிலும் வித்தியாசம் இருந்தது. அதை முன்கூட்டியே ஊருக்கு அறிவித்தார். அன்று இரவு சந்திரன் பூவரின் கணக்கைத்தான் ஏற்றுக்கொண்டது.

மிஷன் ஆட்கள் இதைப் பெரிய வெற்றியாகச் சொல்லிக்கொண்டார்கள். சொல்லட்டும், பொருந்தியது அவர்களின் கணக்குத்தான். ஆனால் இந்தக் கதையை அப்படியே "மூடநம்பிக்கையை விஞ்ஞானம் வென்றது" என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. சாஸ்திரியார் கிரகணம் வராது என்று சொல்லவில்லை, ராகுவிடம் கேட்டும் சொல்லவில்லை. அன்றைக்குக் கிரகணம் வரும் என்று அவரும் கணித்துத்தான் சொன்னார். பிழை வந்தது நிமிடங்களிலும் அளவிலும்தான்.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சாட்சி இருக்கிறது. சென்னை வான் ஆய்வகத்தில் முன்பு வேலை பார்த்த ஜோன் வாரன் என்பவர், தென்னிந்தியக் கால அளவைகளைப் பற்றி 'காலசங்கலித' என்று ஒரு பெரிய நூல் எழுதினார். 1825 இல் அது அச்சானது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரை வாரன் சந்தித்தார். அவர் நிலத்தில் சோகிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்து, அந்த ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் வந்த சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கையில் பேப்பரும் இல்லை, பேனையும் இல்லை. பிற்காலத்தில், 1952 இல், பண்டைய வானியல் கணிதத்தை ஆராய்ந்த ஒட்டோ நொய்கபவர் அந்தக் கணக்கைச் சரிபார்த்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

சோகியை வைத்து 4 நிமிடம்! ஆனால் வாரன் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். அந்த மனிதருக்குத் தான் செய்யும் கணக்கின் பின்னால் உள்ள வானியல் தெரியாது. வழிமுறை தெரியும், ஞாபகசக்தி அபாரம். பூமி எங்கே நிற்கிறது, நிழல் எப்படி விழுகிறது என்பதெல்லாம் அவருடைய வேலைக்குத் தேவைப்படவே இல்லை.

இதை வாசித்தபோது எனக்குக் காலி வீதியில் பின்னேரம் ஐந்து மணிக்கு ரியூஷனுக்கு நடக்கும் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். பத்து வருஷப் பாஸ்ட் பேப்பரைக் கரைத்துக் குடித்தவர்கள். இந்தக் கேள்வி வந்தால் இந்தச் சமன்பாடு, இந்தச் சொல் வந்தால் இந்த விடை. நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். காபனீரொட்சைட்டைச் செலுத்தினால் தெளிந்த சுண்ணாம்பு நீர் பால்நிறமாகும் என்று அங்கே நாலு வருஷம் எழுதினேன், ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஓஎல்லில் அதற்கு முழுப்புள்ளியும் கிடைத்திருக்கும். புதுச்சேரிப் பெரியவர் என்னைவிட ஒருபடி மேல். அவருடைய விடையை இரவில் வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், என்னுடைய விடையைப் புள்ளித்திட்டத்தோடு மட்டும்தான் ஒப்பிடலாம்.

வட்டுக்கோட்டை இந்த இடத்தில்தான் வித்தியாசப்பட்டது. பூவருக்குப் பின் அதிபராக வந்த ஹென்றி ஹொய்சிங்டன், உள்ளூர் வானியலைத் தூக்கி எறியவில்லை. 1848 இல் அவர் வெளியிட்ட நூல் தமிழில் இருந்த சோதிட வானியலை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கங்களோடும் தருகிறது. நோக்கம் மறுப்பதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மறுப்பதற்காகவாவது முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கிரகணத்தைக் கணிக்கப் பழகும் மாணவனுக்குக் கிடைக்கும் பயிற்சி வேறு. எங்கட பாடப்புத்தகங்களில் அப்படி ஒரு பக்கம்கூட நான் கண்டதில்லை.

இனிப் புள்ளி போட்டவர்களுக்கு வருவோம். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1840களின் பிற்பகுதியில் இங்கே இருந்தார். 1850 இல் வெளியான 'இலங்கையில் கிறிஸ்தவம்' பற்றிய அவருடைய நூலில் வட்டுக்கோட்டைக்குத் தனி மரியாதை. மாணவர்களின் அறிவைப் பார்த்து வியந்திருக்கிறார். பாடநெறியையும் கற்பிக்கும் முறையையும் வைத்துப் பார்த்தால் பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு இதை வைத்து எண்ணலாம் என்பது அவருடைய தீர்ப்பு. அவருடைய அளவுகோல் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்பது. அரசாங்கத்துக்கு ஆங்கிலம் தெரிந்த கெட்டிக்காரர்கள் தேவைப்பட்ட காலம் அது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

1855 இல் வந்தவர் ரூபஸ் ஆண்டர்சன், பொஸ்டனில் மிஷன் தலைமையகத்தின் செயலாளர். பூவர் அதே வருஷம் பெப்ரவரியில் மானிப்பாயில் கொலராவில் இறந்துபோயிருந்தார். ஆண்டர்சன் கேட்ட கேள்வி வேறு. இவ்வளவு பணம் போட்டோம், எத்தனை பேர் மனம் மாறினார்கள், எத்தனை பேர் எங்கள் ஊழியத்தில் இருக்கிறார்கள்? கிடைத்த பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. பெடியன்கள் அல்ஜீப்ராவையும் ஆங்கிலத்தையும் எடுத்துக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். ஆங்கிலக் கல்வி ஆட்களைச் சொந்த ஊரிலிருந்து பிரிக்கிறது, ஊர்மொழியில் படிப்பித்தால் போதும் என்பது ஆண்டர்சனின் கொள்கை. அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது.

ஆண்டர்சனைத் திட்டுவது லேசு. ஆனால் அவர் பிழையாக அளக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வானியலைப் படித்தால் சைவம் ஆடும் என்று பூவர் வைத்த கணக்கை, அதே கணக்கின்படி சரிபார்த்தார். விடை பிழைத்தது. 1857 இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இரண்டு பேரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். விசுவநாதபிள்ளை தமிழில் 'வீசகணிதம்' எழுதியவர். தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். இரண்டு பேரும் பின்னாளில் சைவத்தோடுதான் நின்றார்கள். பொஸ்டனின் கணக்கில் இது நட்டம், எங்களுக்கு இது பதிப்புலக வரலாறு.

ஒரு விஷயத்தை இந்தப் புகழ்ச்சிக்குள் மறைத்துவிடக் கூடாது. ரெனன்ற், ஆண்டர்சன் இரண்டு பேருமே உள்ளே இருந்தவர்களைத்தான் அளந்தார்கள். செமினரி ஆண்களுக்கானது. அந்த ஆண்களிலும் பெரும்பாலோர் வெள்ளாளர். உடுவிலில் 1824 இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலைக்கு வட்டுக்கோட்டை அளவிலான கணிதமோ வானியலோ எதிர்பார்க்கப்படவில்லை. ஒரு பாடத்திட்டத்தின் தரத்தைச் சொல்லும்போது அதன் வாசலில் நின்றவர்களை எண்ணாமல் விட்டால், அந்தத் தரம் யாருக்கானது என்பது தெரியாமலே போய்விடும். இலங்கையில் 1972 சீர்திருத்தத்தோடுதான் ஒருங்கிணைந்த விஞ்ஞானம் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும், அவரவர் மொழியில், கட்டாயப் பாடமானது. அந்தச் சீர்திருத்தத்தின் மற்றப் பகுதிகள் நெடுநாள் நிற்கவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் அதே காலத்தில் நடந்த தரப்படுத்தல் தமிழ் மாணவர்களுக்குச் செய்ததை இங்கே ஒரு வரியில் சொல்லிவிடவும் முடியாது, அது தனிக் கட்டுரை.

மொழி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இன்றைக்கு எங்கட வீடுகளில் சண்டை அதில்தான். ஆண்டர்சன் "தமிழில் படிப்பியுங்கள்" என்றார், ஆனால் அவர் மனதில் இருந்தது சுருங்கிய ஒரு படிப்பு, ஊருக்குப் போதுமான அளவு. அதே மிஷனில், சில மைல் தள்ளி மானிப்பாயில், சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற வைத்தியர் அதே வாக்கியத்தை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். 1847 இல் வந்தவர், முதலில் ஆங்கிலத்தில்தான் மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போய்விட, ஊரில் வைத்தியர் இல்லை. 1860களில் முழுக்கத் தமிழுக்கு மாறினார். படிப்பைக் குறைக்கவில்லை, புத்தகங்களைத் தமிழாக்கினார். 'இரணவைத்தியம்', 'மானுட அங்காதிபாதம்', 1875 இல் 'கெமிஸ்தம்'. கடைசிப் பெயரைப் பாருங்கள். தமிழ்ச்சொல் கிடைக்கும் இடத்தில் அதை எடு, கிடைக்காத இடத்தில் வெட்கப்படாமல் கெமிஸ்ற்றியைத் தமிழ்வாய்க்கு ஏற்ற மாதிரித் திருப்பு. 60 பேருக்கு மேல் அவரிடம் வைத்தியம் படித்தார்கள், அதில் பாதிக்கு மேல் தமிழில். அவர்கள் பெரும்பாலும் ஊர்ப்பக்கம் இருந்து வைத்தியம் பார்ப்பார்கள் என்பதுதான் கிறீனின் எதிர்பார்ப்பு.

கிறீன் 1873 இல் ஊர் திரும்பிய பின் இந்த முயற்சி நீடிக்கவில்லை. ஆங்கிலம் இல்லாமல் அரசாங்கத்தில் ஏறமுடியாது என்ற நிலையில், தமிழில் படித்த வைத்தியருக்கு முன்னால் இருந்த பாதை சின்னது. புத்தகம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், நோயாளிகளும் இருந்தார்கள், ஏணி மட்டும் இல்லை. வட்டுக்கோட்டையில் பழைய மாணவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டதில் 1872 இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அவர்கள் கேட்டதும் ஆங்கிலத்தில் உயர்கல்வியைத்தான்.

2000களின் தொடக்கத்திலிருந்து அரசாங்கப் பாடசாலைகளிலும் ஆறாம் வகுப்பில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் எடுக்கலாம். என் மச்சாளின் மகனுக்கு இந்த வருஷம் அந்தத் தெரிவு வந்தது. வீட்டில் மூன்று நாள் வாக்குவாதம். ஆங்கிலத்தில் படித்தால் கம்பஸுக்கு லேசு, வெளிநாட்டுக்கும் லேசு என்றார் மாமா, தமிழில் என்றால் விளங்கிப் படிப்பான் என்றாள் மச்சாள். எந்த மொழி வகுப்பில் லாப் உண்மையாகவே திறக்கிறது, எந்த ரீச்சர் கேள்வி கேட்கவிடுகிறா என்று பாடசாலைக்குப் போய் விசாரித்துவிட்டு வரலாமே என்றேன். "அதெல்லாம் எப்பிடியடா போய்க் கேக்கிறது?" என்றாள். கடைசியில் அவள் தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். தமிழ் வகுப்பு ரீச்சர் மாதத்தில் இரண்டு தடவை பிள்ளைகளை லாப்புக்குக் கூட்டிப்போகிறாவாம். பெடியன் இப்போது தமிழில் படிக்கிறான், மாமா இன்னும் கதைக்கவில்லை.