செஞ்சோற்றுக் கடனா, சொந்தத் தெரிவா?

இரண்டாம் உலகப்போரைப் பற்றி நாங்கள் கூடிக் கதைக்கிற நேரமெல்லாம் ஒரு கேள்வி எப்படியோ வந்துவிடும். பேர்ள் ஹாபரில் குண்டு போட்டது ஜப்பான். அடி வாங்கியது அமெரிக்கா. அதுக்குள்ள ஜேர்மனி ஏன் போய் விழுந்தது? உடனே ஒருவர் பதில் சொல்லுவார்: "வேற என்ன செய்யிறது, ஒப்பந்தம் எண்டு ஒண்டு இருந்ததுதானே. கூட்டாளியைக் கைவிட ஏலுமே?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கர்ணன் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்குச் செஞ்சோற்றுக் கடன் என்றால் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையோடு 1941 டிசம்பரைப் பார்த்தால், ஹிட்லரின் முடிவுகூட வாக்கைக் காப்பாற்றிய செயல்போலத் தெரியும். அது சரிதானா என்று அறிய, முதலில் அந்த ஒப்பந்தத்தை எடுத்து வாசிக்க வேண்டும்.

ஜேர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் 1940 செப்டெம்பர் 27 அன்று பேர்லினில் முத்தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் மூன்றாம் உறுப்புரைதான் முக்கியமானது. ஐரோப்பியப் போரிலோ சீன-ஜப்பான் போரிலோ அதுவரை சேராத ஒரு வல்லரசு தங்களில் ஒருவரைத் தாக்கினால், மற்ற இருவரும் உதவிக்கு வரவேண்டும் என்கிறது அது. தாக்கப்பட்டால் மட்டும்தான். டிசம்பர் 7 அன்று ஜப்பான் தாக்கப்படவில்லை. ஜப்பான்தான் தாக்கியது. ஆகவே எழுத்தில் உள்ளபடி ஜேர்மனிக்கு எந்தக் கடமையும் இருக்கவில்லை.

சரி, எழுத்தில் இல்லாவிட்டாலும் வாய்வாக்கு இருந்ததா? இருந்தது. 1941 ஏப்ரலில் ஜப்பானிய வெளிநாட்டமைச்சர் மட்சுஒகா பேர்லினுக்கு வந்தபோது, அமெரிக்காவோடு ஜப்பான் மோதினால் ஜேர்மனியும் இறங்கும் என்று ஹிட்லரே சொன்னார். நவம்பர் கடைசியில் வெளிநாட்டமைச்சர் ரிப்பென்ட்ராப்பும் ஜப்பானியத் தூதுவர் ஓஷிமாவிடம் அதே உறுதியைக் கொடுத்தார். இதை நாங்கள் மறைக்கத் தேவையில்லை. ஆனால் பேர்ள் ஹாபர் தாக்கப்பட்ட அன்று அந்த வாக்கு கையெழுத்திட்ட உடன்படிக்கையாக மாறியிருக்கவில்லை.

இந்தக் கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் எவ்வளவு உண்மையாக இருந்தார்கள் என்றும் பார்ப்பம். 1939 ஓகஸ்டில் ஜப்பானுக்குச் சொல்லாமலே ஜேர்மனி சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் செய்தது. அந்த அதிர்ச்சியில் டோக்கியோவில் ஒரு அமைச்சரவையே பதவி விலகியது. 1941 ஏப்ரல் 13 அன்று ஜப்பான் சோவியத்தோடு நடுநிலை ஒப்பந்தம் செய்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 22 அன்று, ஜேர்மனி அதே சோவியத்துக்குள் படையெடுத்தது. நீங்களும் கிழக்கிலிருந்து அடியுங்கள் என்று ரிப்பென்ட்ராப் கேட்டும் ஜப்பான் அசையவில்லை. சோவியத்துக்கு அமெரிக்கா அனுப்பிய உதவிப் பொருட்களில் ஏறத்தாழ பாதி, போர் முடியும்வரை பசிபிக் வழியாக, ஜப்பானின் மூக்குக்கு முன்னால்தான் போனது. சோவியத் கொடி பறந்த அந்தக் கப்பல்களை ஜப்பான் போகவிட்டது. கூட்டணி உடையவில்லை. ஜப்பானுக்கு இருந்த அந்த இடைவெளி ஜேர்மனிக்கும் இருந்தது.

இப்படி விலகி நிற்க வழி உண்டு என்பது பேர்லினுக்குப் புதுச் செய்தியும் இல்லை. 1882 முதல் ஜேர்மனியோடும் ஒஸ்திரியா-ஹங்கேரியோடும் கூட்டணியில் இருந்த இத்தாலி, 1914இல் போர் வெடித்தபோது, "நீங்கள்தான் தொடங்கினீர்கள், எங்கள் உடன்படிக்கை தற்காப்புக்கு மட்டும்" என்ற நியாயத்தில் நடுநிலை அறிவித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் எதிரணியிலேயே சேர்ந்துவிட்டது. ஒரு உறுப்புரையைக் காட்டிப் போரிலிருந்து ஒதுங்கலாம் என்ற பாடத்தை ஜேர்மனி அப்போது மற்றப் பக்கத்தில் இருந்து படித்திருந்தது.

அப்படியென்றால் ஹிட்லர் ஏன் இறங்கினார்? அவர் கண்ணில் அமெரிக்கா ஏற்கெனவே போரில்தான் இருந்தது. அது முழுப்பொய்யும் அல்ல. 1941 மார்ச்சிலிருந்து பிரித்தானியாவுக்கு அமெரிக்கா ஆயுத உதவி வழங்கியது. செப்டெம்பரில் அத்திலாந்திக்கில் ஜேர்மன் நீர்மூழ்கிகளைக் கண்டால் சுடலாம் என்று ரூஸ்வெல்ட் அறிவித்தார். ஒக்டோபரில் 'கேர்னி' என்ற நாசகாரிக் கப்பல் தாக்கப்பட்டு 11 பேர் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் 'ரூபன் ஜேம்ஸ்' மூழ்கடிக்கப்பட்டதில் நூறு பேரளவில் இறந்தார்கள். அவ்வளவு காலமும் தன் கடற்படையைக் கட்டிப்போட்டு வைத்திருந்த ஹிட்லர், ஜப்பான் அமெரிக்காவைப் பசிபிக்கில் மறித்து வைத்திருக்கும் என்று நம்பினார். ஜப்பான் தனியாகச் சமாதானம் செய்துவிடக் கூடாது என்றும் நினைத்தார். அமெரிக்கத் தொழிற்சாலைகளின் பலத்தை அவர் ஒருபோதும் சரியாக மதிக்கவில்லை. இவை எல்லாம் கணக்குகள். பிழையான கணக்குகள், ஆனாலும் கணக்குகள்தான். இதில் செஞ்சோற்றுக் கடன் எங்கே?

டிசம்பர் 8 அன்று ரூஸ்வெல்ட் காங்கிரசிடம் ஜப்பானுக்கு எதிராக மட்டுமே போர்ப் பிரகடனம் கேட்டார். ஜேர்மனியின் பெயர் அதில் இல்லை. அதே ஆண்டு ஓகஸ்டில், கட்டாய இராணுவ சேவையை நீடிக்கும் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்று ஒரே ஒரு வாக்கால் தப்பியிருந்தது. அப்படிப்பட்ட ஒரு நாட்டில், ஜப்பான்மேல் மக்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஐரோப்பாவிலும் போய்ச் சண்டை பிடிப்பம் என்று கேட்பது ரூஸ்வெல்டுக்குச் சுகமான வேலையாக இருந்திராது. அந்தச் சிக்கலை ஹிட்லரே தீர்த்துவைத்தார். டிசம்பர் 11 அன்று ரைஷ்டாக்கில் பேசி அமெரிக்காமீது போரை அறிவித்தார். அன்றே அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு எதிர்வாக்குக்கூட இல்லாமல் பதில் பிரகடனம் செய்தது.

ஜேர்மனி பேசாமல் இருந்திருந்தால் அமெரிக்கா ஐரோப்பாவுக்கு வந்தே இராது என்று நாங்கள் சொல்லவில்லை. அத்திலாந்திக்கில் இன்னொரு கப்பல் மூழ்கியிருந்தால் போதும், வந்திருக்கலாம். ஆனால் சில மாதங்கள் பிந்தியிருக்கலாம். பிளவுபட்ட காங்கிரசோடு வந்திருக்கலாம். முதலில் ஜேர்மனி, பிறகு ஜப்பான் என்ற திட்டத்தைத் தன் மக்களிடம் நியாயப்படுத்த ரூஸ்வெல்ட் திண்டாடியிருக்கலாம். மொஸ்கோவுக்கு முன்னால் டிசம்பர் 5 அன்று சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கிவிட்ட நிலையில், ஜேர்மனிக்கு அந்த மாதங்கள் சின்ன விசயம் அல்ல.

இன்னொன்று. டிசம்பர் 11 அன்றே மூன்று நாடுகளும் புது உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. அமெரிக்காவோடும் பிரித்தானியாவோடும் ஒருவரும் தனியாகச் சமாதானம் செய்யக் கூடாது என்பதே அதன் சாரம். சோவியத்தை ஜப்பான் தாக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. இவ்வளவு பெரிய விலையைக் கொடுத்தவர், தனக்கு மிகவும் தேவைப்பட்ட பதிலுதவியைக்கூட அதில் எழுதி வாங்கவில்லை. கர்ணனாவது வாங்கின சோற்றுக்குத்தான் கடன் தீர்த்தான்.

நாங்கள் ஏன் இந்தப் பழைய கதையை இவ்வளவு தூரம் கிண்டுகிறோம்? ஆட்சியில் இருப்பவர்களுக்கு மிகவும் வசதியான வசனம் "எங்களுக்கு வேற வழி இருக்கேல்ல" என்பதுதான். ஒப்பந்தம், கூட்டணி தர்மம், கொடுத்த வாக்கு என்று அதற்குப் பல பெயர்கள். அப்படிச் சொல்லிவிட்டால் முடிவெடுத்தவர் மறைந்துவிடுகிறார். போர் ஏதோ மழைபோலத் தானாக வந்ததாகிவிடுகிறது. ஆனால் 1941 டிசம்பரில் நான்கு நாட்கள் இருந்தன. கையில் ஒரு உறுப்புரை இருந்தது. விலகி நின்றதற்கு முன்னுதாரணம் இருந்தது. அவற்றைத் தாண்டி ஒருவர் போரைத் தெரிவுசெய்தார். ரைஷ்டாக்கில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அந்தத் தெரிவுக்கான விலையைக் கொடுத்தவர்களிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்தமுறை யாராவது "ஒப்பந்தம் இருந்ததுதானே" என்று சொன்னால், நாங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது?